ஏழு பேருக்கு ஜன்னலோர மேசை

என் மகள் சிங்கப்பூரிலிருந்து போன் செய்து ஒரே ஒரு காரியம்தான் கேட்டாள். மாசி மாதம் மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் நான்கு நாள் வருகிறாளாம். திரும்பிப் போவதற்குள் நாங்களும் அவள் மாமனார் மாமியாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துவிட்டு விமானம் ஏற வேண்டும் என்றாள். எங்கே, எப்படி என்பதெல்லாம் அப்பாவின் பொறுப்பு.

கேட்பதற்குச் சின்ன விஷயம். நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், சம்பந்தி வீடு பாலக்கரையில். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்தத் தூரத்தைத்தான் ஆறு வருடமாக எங்களால் கடக்க முடியவில்லை.

சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கர்கள். அவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அந்த அம்மாள் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். பிள்ளையும் பெண்ணும் ஒரே கல்லூரியில் படித்து, தங்களுக்குள் முடிவு செய்து, இரண்டு வீட்டிலும் ஒரு வருடம் இடியும் மழையுமாக இருந்து ஓய்ந்த பிறகு கல்யாணம் நடந்தது. வரவேற்பை அவர்கள்தான் வைத்தார்கள். எங்களுக்காக அன்றைக்கு முழுக்க சைவச் சாப்பாடு. அதுவும் ஸ்ரீரங்கத்திலிருந்தே ஆளை வரவழைத்து, பூண்டு வெங்காயம் படாமல் சமைக்கச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், முன் வரிசையில் உட்கார்ந்தாள், எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பந்திக்குக் கூப்பிட்டதும் இலையிலிருந்து ஒரே ஒரு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, போதும் என்று எழுந்துவிட்டாள். சம்பந்தியம்மா அந்த இலைக்கு எதிரே கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன், பார்க்காதது போல இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நாங்களும் போகவில்லை. பேத்தி பிறந்தபோதுகூட ஆளுக்கொரு மாதமாக முறை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் போய் வந்தோம்.

ஆகையால் எங்கள் வீடு ஆகாது, அவர்கள் வீடும் ஆகாது. திருச்சியில் ஓட்டல் என்றால் பக்கத்து மேசையில் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும், அது நலம் விசாரிக்க வந்து நின்றுவிடும். இருவருக்கும் சம்பந்தமில்லாத பொது இடம் வேண்டும். அப்போதுதான் என்னுடைய டைம்ஷேர் ஞாபகம் வந்தது.

கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன் நான். அங்கே யாராவது ஒருவர் ஒரு பொருளை வாங்கினால் அந்தத் தெருவே வாங்கும். அப்படித்தான் ஒரு காலத்தில் இந்த டைம்ஷேரும் வந்தது. பொருட்காட்சியில் கூப்பன் எழுதிப் போட்டோம், பரிசு விழுந்திருக்கிறது என்று ஓட்டலுக்குக் கூப்பிட்டார்கள், நான்கு மணி நேரம் பேசினார்கள், வெளியே வரும்போது நான் இருபத்தைந்து வருடத்துக்கு மெம்பர். வருடத்தில் ஏழு இரவு அவர்களுடைய விடுதிகள் எதிலாவது தங்கிக்கொள்ளலாம். பரிசாகக் கிடைத்தது ஒரு குடை. மழைக் காலம் வரும்போதெல்லாம் என் மனைவி அந்தக் குடையை எடுத்து என் கையில் கொடுத்து, "உங்க பங்களா" என்பாள்.

அந்த விடுதிகளில் ஒன்று, திருச்சியிலிருந்து இரண்டு மணி நேர தூரத்தில், ஒரு தீம் பார்க்குக்குள்ளேயே இருக்கிறது. ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், நடுவில் ஒரு செயற்கை ஏரி. ஏரிக் கரையில் கண்ணாடிச் சுவர் வைத்த ஒரு ரெஸ்டாரண்ட். சறுக்கிலிருந்து படகு வழுக்கி வந்து ஏரியில் விழுவதை ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். சைவமும் உண்டு, மீனும் கோழியும் உண்டு. அந்தக் கடைசி விஷயத்தை வீட்டில் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னதும் என் மனைவி கைவேலையை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"அவா மீன் சாப்பிட்டா சாப்பிடட்டும். ஜன்னல் பக்கமா இடம் பிடியுங்கோ. நான் வெளியே பார்த்துண்டு சாப்பிடறேன்."

முட்டைகூட ஏறாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் அவள். மகளுக்காக எவ்வளவு தூரம் இறங்கி வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அந்த ஜன்னலோர மேசை எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

இனி ரிசர்வேஷன். இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் சட்டதிட்டங்களைப் படித்த அளவுக்கு நான் என் வேலை உத்தரவைக்கூடப் படித்ததில்லை. மெம்பர்களுக்கு முன்னுரிமை உண்டு. ஆனால் சாப்பிடப் போகும் நாளுக்குச் சரியாக நான்கு வாரம் முன்புதான் செயலியில் கதவு திறக்கும், காலை பத்தரை மணிக்கு. ஒரு மெம்பருக்கு ஒரு நாளில் ஒரு மேசை. ஒரு மேசைக்கு ஆறு பேர். நாங்கள் ஏழு. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தை என்றால் உயர நாற்காலி போட்டுக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள். பேத்திக்கு ஐந்து முடிய இரண்டு மாதம் இருந்தது. பெருமாள் கண் திறந்தார் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலோர மேசைகள் திறந்த பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும், நெட் கனெக்ஷனை இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கைலாசபுரத்து நண்பர் ஒருவர் எச்சரித்தார். அவரும் அதே குடை வைத்திருப்பவர்.

மகள் புதன்கிழமை வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். சனி கூட்டம் நெரியும். வெள்ளிக்கிழமை மதியம் என்று முடிவு செய்தேன். அப்படியானால் நான்கு வாரம் முந்தைய வெள்ளிக்கிழமை, காலை பத்தரைக்குப் பட்டனை அழுத்த வேண்டும்.

வெள்ளிக்கிழமை பத்தரை. ஸ்ரீரங்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் அது ராகு காலம் ஆரம்பிக்கும் நேரம் என்று சொல்லும்.

சம்பந்திகள் சேரும் காரியத்தை ராகு காலத்தில் ஆரம்பிப்பதாவது என்று என் மனைவி ஒரேயடியாக மறுத்துவிட்டாள். பன்னிரண்டு வரைக்கும் பொறுங்கள் என்றாள். பன்னிரண்டுக்கு ஜன்னல் இருக்காது, மேசையே இருக்காது. இரண்டு நாள் வாக்குவாதம். கடைசியில் எனக்குள் இருந்த இன்ஜினியர் எழுந்தான். காலண்டரில் போட்டிருக்கும் ராகு காலம் ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துக்கொண்டு போட்ட பொதுக் கணக்கு. தை மாதத்தில் திருச்சியில் சூரியன் ஆறரைக்கு மேல்தான் தலைகாட்டுகிறது. பகல் பொழுதை எட்டாக வகுத்து, நான்காவது பங்கு எப்போது தொடங்குகிறது என்று தாளில் போட்டுக் காட்டினேன். பதினொன்றை ஒட்டித்தான் வந்தது. பத்தரைக்குப் பட்டனை அழுத்தினால் ராகு வந்து சேர இன்னும் அரை மணி நேரம் போல இருக்கிறது. அவள் தாளை வாங்கி இரண்டு தடவை பார்த்தாள். பக்கத்துத் தெரு ஜோசியரிடமும் போனில் கேட்டாள். அவர் என் கணக்கைச் சரி என்றார். அவ்வளவு பெருமையாக நான் வேலையில் இருந்தபோதுகூட உணர்ந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இரண்டு போன், ஒரு டேப்லெட் சகிதம் பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டேன். பத்தரைக்குத் திறந்தது. நாள், வேளை, மேசை, ஜன்னல், ஆறு பேர், ஒரு குழந்தை. எல்லாம் சரியாகப் போய்க் கடைசியில் ஓடிபி கேட்டது. மெம்பர் ஆன அன்றைக்கு என் போனில் சார்ஜ் இல்லாததால் என் மனைவியின் நம்பரைக் கொடுத்திருந்தேன், அது அப்படியே நிற்கிறது. அவள் போன் பிரிட்ஜ் மேல் இருந்தது. அவளோ மடியாகத் தளிகை பண்ணிக்கொண்டிருந்தாள். சமையல் முடியும்வரை போனைத் தொட மாட்டாள், முகத்தைக் காட்டினால்தான் அது திறக்கும். நான் அடுப்படி வாசலில் நின்று, உள்ளே கால் வைக்காமல், கையை மட்டும் நீட்டி அவள் முகத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். ரசம் கொதித்த ஆவியில் அது அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. மூக்கைத் துடை என்றேன். துடைத்தாள். திறந்தது. பத்தரை தாண்டி நான்கு நிமிடத்தில் ஏழு பேருக்கு ஜன்னலோர மேசை உறுதியாகிவிட்டது. அன்று ரசத்தில் உப்பு போட மறந்திருந்தாள். நான் ஒன்றும் சொல்லாமல் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

இரண்டு வாரம் சந்தோஷமாகப் போனது. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஏகாதசி. மாதத்துக்கு இரண்டு ஏகாதசியும் என் மனைவிக்கு உபவாசம். பாலும் பழமும் தவிர எதுவும் தொட மாட்டாள். நான் ரவை உப்புமாவில் ஒதுங்கிவிடுகிற ஜாதி. அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்தவள் காலண்டரை ஒவ்வொரு தாளாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு தாளில் நின்றாள்.

"ஏன்னா, அடுத்த ஏகாதசியும் வெள்ளிக்கிழமைதான்" என்றாள்.

பட்டனை அழுத்தும் நேரத்துக்குச் சூரியோதயத்திலிருந்து கணக்குப் போட்ட வீட்டில், சாப்பிடப் போகும் நாளின் திதியை ஒருவரும் பார்க்கவில்லை. அதுவும் ஸ்ரீரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

செயலியில் நாளை மாற்றப் பார்த்தேன். வியாழன் இல்லை, சனி இல்லை, ஞாயிறு காத்திருப்போர் பட்டியலில் நாற்பதுக்கு மேல். மகளிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அம்மா மறுபடியும் அவங்க முன்னாடி சாப்பிடாம எழுந்தா, இனிமே நான் கேக்க மாட்டேம்ப்பா" என்றாள். ஒரு நாள் விரதத்தை விட்டுவிடேன் என்று மனைவியிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் பன்னிரண்டு வயதிலிருந்து விட்டதில்லை. சொல்லவில்லை. அவளே ஒரு வழி சொன்னாள். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுகிறாளாம், தட்டில் பழத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுகிறாளாம். ஏகாதசி என்று உண்மையைச் சொன்னால் என்ன என்று கேட்டேன். "மீனும் கறியுமா இருக்கற எடத்துக்கு வந்துட்டு ஆசாரம் பேசறான்னு நினைச்சுப்பா" என்றாள். வாழைப்பழத்தை அவளும் மறக்கவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பழமாவது நல்ல பழமாக இருக்கட்டும் என்று கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். மரியாதையான பெண். ஒருவர் அரிசி, கோதுமை எதுவும் சாப்பிட மாட்டார், பழம் மட்டும் என்று சொன்னேன். டயட்டா சார் என்றாள். இல்லை, ஏகாதசி என்றேன். அவள் திரையில் அப்படி ஒரு கட்டம் இல்லை. "ரைஸ் அலர்ஜின்னு போட்டுடட்டுமா சார்? அப்பத்தான் கிச்சன்ல கவனிப்பாங்க" என்றாள். யார் பார்க்கப்போகிறார்கள் என்று சரி சொல்லிவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. நாங்கள் முந்தின நாளே போய்த் தங்கிவிட்டோம், வெள்ளி இரவுக்கும் அறை எடுத்திருந்தேன். சம்பந்திகள் திருச்சியிலிருந்து காரில் மதியம் வந்தார்கள். தங்க மாட்டோம், ஐந்து மணிக்கெல்லாம் ஊரில் இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அந்தம்மா கடமைக்கு வருகிறாள், கை கழுவினதும் கிளம்பிவிடுவாள் என்று என் மனைவி என் காதில் முணுமுணுத்தாள். சம்பந்தியம்மா வெளிர் நீலப் புடவையில், கொஞ்சம் இளைத்து, முன்னைக்கு இப்போது நிறைய நரைத்திருந்தார். இருவரும் சௌக்கியம் விசாரித்துக்கொண்டார்கள். பேத்தி நடுவில் இல்லாவிட்டால் அதற்கு மேல் ஒரு வார்த்தை ஓடியிருக்காது.

மேசை என் மனதில் இருந்தது போலவே இருந்தது. படகு விழும்போது கண்ணாடியில் தண்ணீர் தெறித்தது, பேத்தி ஒவ்வொரு தடவையும் கையைத் தட்டினாள். பஃபேயில் மாப்பிள்ளை எங்களுக்குச் சைவப் பகுதியைக் காட்டினார். சம்பந்தியும் சைவத்தையே எடுத்து வந்தார். எங்களுக்காகத்தான் என்று நினைத்துச் சங்கடப்பட்டேன். இரண்டு அம்மாக்களும் எழுந்திருக்கவில்லை. பிறகு எடுத்துக்கொள்கிறேன் என்று அவரும், அவசரமில்லை என்று இவளும். மகள் இரண்டு காலித் தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கியது.

அந்த நேரத்தில்தான் உயரத் தொப்பி வைத்த சமையல்காரர் ஒருவர், கையில் சிவப்பு அட்டையோடு, பரிமாறுகிறவர்கள் இருவர் சூழ எங்கள் மேசைக்கு வந்தார்.

"இந்த டேபிள்ல ரைஸ் அலர்ஜி யாருக்குங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் தண்ணீர் குடித்தேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். பிறகு அவள் பள்ளிக்கூடப் பெண் போல மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அலர்ஜி இல்லே. இன்னிக்கு ஏகாதசி" என்றாள்.

சம்பந்தியம்மா சிரிக்க ஆரம்பித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. அவரால் பேச முடியவே கொஞ்ச நேரமானது. அவர்களுக்கு அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிக்கிழமையாம். வீட்டில் யாரும் கறி மீன் தொடுவதில்லை, அவர் அதற்கு மேல் ஒருசந்தியும் இருக்கிறார். காலையிலிருந்து வெறும் தண்ணீர், சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடித்த பிறகுதான் சாப்பாடு. அதற்காகத்தான் ஐந்து மணி. மருமகள் ஆசைப்பட்டுக் கேட்டிருக்கும்போது வரமாட்டேன் என்று சொன்னால் பழைய கோபம் என்று நினைப்பார்களே என்று, பழத்தை வைத்து ஒப்பேற்றிவிடலாம் என்று வந்தாராம்.

சமையல்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு பெரிய தட்டு நிறையப் பழம் வந்தது. அதன் ஓரத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தது. சம்பந்தியம்மா அதைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

"வரவேற்பு அன்னைக்கும் ஏகாதசிதானாங்க? எங்களுக்குத் தெரியாமப் போச்சு" என்றார். "ஆறு வருசமா நான் வேற என்னமோ நினைச்சுட்டிருந்தேன்."

கதவு திறந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும், எல்லாம் தீர்ந்துவிடும். தலையாட்டு, தலையாட்டு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். என் மனைவி ஜன்னலைப் பார்க்கவில்லை, நேராக அவரைப் பார்த்தாள்.

"ஏகாதசியும் இல்லே, ஒண்ணும் இல்லே. வீம்பு. நீங்க அவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்ணியிருந்தேள். தெரிஞ்சேதான் எழுந்தேன்" என்றாள்.

சம்பந்தியம்மா வாழைப்பழத்தைக் கையில் எடுத்து, உரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியுங்க. அன்னைக்கே நான் காலண்டர்ல பார்த்துட்டேன்" என்றார். "நீங்க ஆமான்னு சொல்லிட்டா அதோட விட்டுடலாம்னுதான் கேட்டேன்."

என் மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். மகள் குழந்தையின் வாயைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "நாளைக்குக் காலம்பற துவாதசி பாரணை, விரதம் முடிக்கற சாப்பாடு. ஆத்துக்கு வாங்கோ. அகத்திக்கீரை பண்றேன்."

அதற்காக நாங்களும் அன்றே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வெள்ளி இரவு அறையை ரத்து செய்தேன். அதே நாளில் ரத்து செய்தால் அந்த இரவு வீண்தான், ஏழில் ஒன்று போயிற்று. பட்டனை அழுத்தியபோது மணி மூன்றேகால், வெள்ளிக்கிழமை எமகண்டம். காரில் இருந்த யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சம்பந்திகள் வந்தார்கள். எங்கள் வீட்டு மேசை நான்கு பேருக்கானது. நாங்கள் ஆண்கள் தரையில் உட்கார்ந்தோம். அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வற்றல், சூடாகச் சாதம். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவி எல்லோரும் எழுந்த பிறகுதான் சாப்பிடுவாள். அன்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் தனக்கும் ஒரு இலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் தனக்குச் சாதம் வைத்துக்கொள்ள மறந்தது தெரிந்தது. சாதப் பாத்திரம் சம்பந்தியம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பாத்திரத்தை நான்கூடத் தொடுவதில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். எழுந்து நின்றார், கரண்டியை எடுக்கவில்லை.

"நான் போடலாமாங்க?" என்று கேட்டார்.

என் மனைவி இலையில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள்.

"போடுங்கோ. நேத்திலேர்ந்து பசிக்கறது" என்றாள்.